ஆவூர்க் கோவிலின் வயது

திருவரங்கத்துப் பெரிய கோவிலுக்குக் 'கோயிலொழுகு' என்றொரு நூல் உண்டு. இன்ன காலத்தில் இன்ன மதில் எழுந்தது, இன்னார் இன்ன நிலத்தை வழங்கினார், இன்ன படையெடுப்பின்போது கோவிலார் பட்ட பாடு இது என்று, கோவிலைச் சார்ந்தவர்களே தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த வரலாறு அது. மேலும், அக்கோவிலின் சுவர்களிலும் தூண்களிலும் காணப்படும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் 1982-ஆம் ஆண்டில் ஒரு தனித் தொகுதியாகவே அச்சேறின. அவர்கள் சமயம் வேறு, நம் சமயம் வேறு. ஆயினும், தம் வழிபாட்டிடத்தின் கதையைப் பின்வருவோருக்கு எழுதிவைக்க வேண்டும் என்ற அவர்களது அக்கறை நாம் போற்றிக் கற்கத்தக்கது.

கடல் கடந்த நாடு ஒன்றிலும் இத்தகைய வழக்கத்தைக் காண்கிறோம். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றில் மரப்பலகை ஒன்று தொங்கும். 13-ஆம், 14-ஆம் நூற்றாண்டு தொடங்கி அவ்வூரில் பணியாற்றிய குருக்களின் பெயர்கள் ஆண்டுகளோடு அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வாயிலருகே ஒரு மேசையில் ஆலய வரலாற்றைக் கூறும் சிற்றேடு கிடக்கும். உண்டியலில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஊரென்று சொன்னால் ஐம்பது, அறுபது வீடுகளே இருக்கும். ஆயினும் அந்த ஐம்பது வீட்டாருக்கும் தங்கள் கோவிலின் வயது தெரியும். 1538-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் பங்குதோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டுமென ஆணை பிறந்தது. நம் திருச்சபையிலும் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் பங்குக் குருவானவர் திருமணப் பதிவேட்டைப் பேணவேண்டுமென விதித்தது.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். நம் மறைமாவட்டத்துச் சிற்றூர்ப் பங்குகளுள் மூத்த ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொண்டு, அதன் வயது என்ன என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பார்ப்போம். அப்பங்கு ஆவூர். சோழ நாட்டில் பாடல் பெற்ற சிவத்தலமாகிய ஆவூர் வேறு. நாம் கூறுவது திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கத்திலுள்ள ஆவூர். திருவரங்கத் தீவைப் பச்சைப் பசேலென வைத்திருக்கும் காவிரியின் ஈரம் அங்கே எட்டுவதில்லை. வானத்தை நோக்கியும் ஏரி குளங்களை நம்பியும் வாழும் புன்செய்ச் சீமை அது. உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் அங்கு நடைபெறும் பாஸ்கா நாடகத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் திரளாக வந்து கூடுவதை நம் வாசகர் பலர் அறிவர்.

அந்த ஆலயத்தைப் பற்றிச் சுற்றுலாக் குறிப்புகள் சிலவற்றில் ஒரு செய்தி அச்சாகி, ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பரவி வருகிறது. ஆவூரின் பழைய சிற்றாலயத்தை 1547-ஆம் ஆண்டில் புஷே அடிகளார் கட்டினார் என்பதே அச்செய்தி. படிக்கும்போது நெஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழைமை என்றால் எந்தப் பங்குக்குத்தான் பெருமையாக இராது!

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஜான் வெனான்சியுஸ் புஷே என்னும் சேசு சபைக் குருவானவர் பிரெஞ்சு நாட்டில் பிறந்தது 1655-ஆம் ஆண்டில். பிறப்பதற்கு 108 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கோவில் கட்டியிருக்க இயலாது. 1547-இல் சேசு சபை தோன்றியே ஏழு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் உழைத்துவிட்டு, அவ்வாண்டில் கீழ்த்திசைத் தீவுகளின் பக்கம் இருந்தார். உள்நாட்டில் மறைப்பணி வேரூன்றியது, தத்துவ போதகர் 1606-இல் மதுரைக்கு வந்த பின்னரே. எனவே 1547 என்பது பிழை. இப்போதுள்ள ஆலயம் எழுந்த ஆண்டு 1747. அதில் ஓரிலக்கம் பிறழ்ந்தால் 1547 ஆகிவிடும். பிழை அவ்வழியே நுழைந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

அவ்வாறாயின் உண்மை ஆண்டு எது? புதுக்கோட்டைச் சீமையின் வரலாறு கூறுவோர் ஆவூரின் முதற்கோவிலை 1697-ஆம் ஆண்டுக்கு உரியதாகக் குறிப்பர். 150 ஆண்டுகள் குறைந்துபோயினவே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. அந்த 1697 எத்தகைய ஆண்டு என்பதை உணர்ந்தால், இழந்த பெருமையினும் மிக்க பெருமை நம் கையில் வந்து சேரும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1693 பெப்ருவரி 4-ஆம் நாள், மறவர் சீமையின் ஓரியூரில் அருளானந்த அடிகளார் தலை வெட்டுண்டு வேதசாட்சியாக மரித்திருந்தார். அந்தக் குருதியின் ஈரம் காயாத காலம் அது. அருளானந்தரின் உடன்பணியாளர்களுக்கு நாளை என்ன நேருமோ என்ற அச்சம் இயல்பாகவே இருந்திருக்கும். அப்படிப்பட்ட வேளையில் மூலைக்குள் ஒடுங்காமல், நாயக்கரின் தலைநகராகிய திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலேயே, ஒரு சிற்றூரில் மரியன்னையின் பெயரால் கோவில் எழுப்பினார் புஷே அடிகளார். நகரத்துக்கு முன்பே சிற்றூர் திருச்சபையின் வீடாயிற்று. அந்நாளைய மறைபரப்புப் பணிக்கு ஆவூர் ஒரு தலைமையிடமாகவே விளங்கியது. 1700-ஆம் ஆண்டில் தந்தை மார்ட்டின் என்னும் மற்றொரு சேசு சபையார் ஆவூரிலிருந்து எழுதிய கடிதம் பாரிசு மாநகரில் அச்சாயிற்று. மறைபரப்பாளர் கடிதங்கள் அங்கே 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வெளிவந்தன. நம்மில் பலருக்கு வழி தெரியாத இச்சிற்றூரின் பெயரை 300 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் படித்திருக்கின்றனர் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

அக்கடிதங்கள் வாயிலாக நாம் அறியும் நிகழ்ச்சி ஒன்றைப் பங்குக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். புஷே அடிகளாருக்கு முதலில் நேர்ந்த பெருந்துன்பம் வெளியாரால் வரவில்லை. தம்மிடம் பணிபுரிந்து, பின்னர் விலக்கப்பெற்ற உபதேசியார்களே அரசவையில் அவர்மீது குற்றஞ்சாட்டினர். அப்போது இராணி மங்கம்மாளின் ஆட்சி. அரசின் சுமையைத் தாங்கியவர் தளவாய் நரசப்பையா. அடிகளார் ஒளிந்துகொள்ளவில்லை, நேரே திருச்சிராப்பள்ளிக்குச் சென்று தளவாயைக் காண முடிவு செய்தார். வெறுங்கையோடு செல்லவும் இல்லை. ஏறக்குறைய இரண்டடிக் குறுக்களவுள்ள பூகோள உருண்டை ஒன்றைக் கொண்டு சென்றார். நாடுகள், கடல்கள், கடற்கரைகள் ஆகியவற்றின் பெயர்கள் அவ்வுருண்டையில் தமிழ் எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தன. கண்ணாடி உருண்டை, தீ மூட்டும் கண்ணாடிகள், சீனத்துப் புதுமைப் பொருள்கள், கிளிஞ்சலால் செய்த சேவல் போன்றவையும் காணிக்கைகளில் இருந்தன. தளவாய் அவரை மரியாதையுடன் வரவேற்றார். பல்லக்கில் ஏற்றி, இன்னிசை முழங்க, நகர வீதிகளில் வலம் வரச் செய்தார். குற்றஞ்சாட்டியவர்களின் வாய் அடைபட்டது.

இதில் நாம் கருதவேண்டியவை இரண்டு. முதலாவது, மாற்றுச் சமயத்தவராகிய ஓர் அரசியும் அவருடைய அமைச்சரும் காட்டிய பெருந்தன்மையின் நிழலில்தான் ஆவூர்ப் பங்கு தழைத்தது. இன்று திருச்சியில் அரசு அருங்காட்சியகமாக விளங்கும் மண்டபம் அந்த அரசியின் பெயராலேயே வழங்குகிறது. அவ்வழியே செல்லும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு கணம் அவரை நன்றியோடு நினைப்பது தகும். இரண்டாவது, அந்நாளில் தமிழறிவும் உலக அறிவும் வேதப்பணிக்குக் கைகோத்து நடந்தன. வந்தவர் பிரெஞ்சுக்காரர், ஆயினும் உலகத்தின் உருவத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி அரசவையில் வைத்தார். அந்த வழியில் ஆவூருக்கு வந்தவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். 1710-இல் இந்தியாவில் கால் வைத்த அவர், பின்னாளில் 'தேம்பாவணி' பாடித் தமிழ்ப் புலவர் வரிசையில் அமர்ந்தார் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புஷே அடிகளாரோ இப்பக்கத்தை விட்டுக் கர்நாடகச் சீமைப் பணிக்குச் சென்று, 1732-இல் இறையடி சேர்ந்தார்.

அதே 1732-ஆம் ஆண்டில் மறைந்தவர் விசயரங்க சொக்கநாத நாயக்கர். கைகூப்பிய நிலையில் அவர் நிற்கும் உருவச்சிலையைத் திருவரங்கத்துக் கோவிலில் இன்றும் காணலாம். அவருக்குப்பின் இச்சீமைக்கு அமைதி இல்லை. இராணி மீனாட்சியை வஞ்சித்துச் சந்தா சாகிபு 1736-இல் திருச்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். 1741-இல் மராத்தியர் அவரைச் சிறைப்பிடித்து நகரைக் கொண்டனர். 1743-இல் ஐதராபாத்து நிசாமின் படை மராத்தியரை வெளியேற்றியது. ஏழே ஆண்டுகளில் மும்முறை கை மாறிய கோட்டை! படைகள் நடந்த வழியெல்லாம் வைக்கோலும் தானியமும் மாடும் பறிபோயிருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டுமோ?

இந்தப் பின்னணியில் 1747 என்ற ஆண்டை மீண்டும் நோக்குங்கள். அப்போதுதான் ஆவூர் மக்கள், ஓமெம் அடிகளாரின் தலைமையில், இப்போதுள்ள ஆலயத்தை எழுப்பினார்கள். அடுத்து வரப்போவதை அவர்கள் அறியார். நான்கே ஆண்டுகளில், 1751-இல், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவரவர் பக்கத்து நவாபுகளை முன்னிறுத்தித் திருச்சியை முற்றுகைப் போர்க்களமாக்கினர். 1752-இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவிலேயே சரணடைந்தது. அதன்பின்னும் 1754 வரை போர் ஓயவில்லை. இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளியில் மக்கள் தமக்கெனக் கோட்டை கட்டவில்லை; இறைவனுக்குக் கோவில் கட்டினார்கள். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், மரம் கொடுத்தவர்கள், வயிற்றைக் கட்டிப் பிடியரிசி சேர்த்த தாய்மார்கள் ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. குருவானவரின் பெயர் ஏட்டில் நின்றது. கோவிலைத் தாங்கிய தோள்களின் பெயர் காற்றில் போயிற்று.

அதற்கடுத்து வந்த சோதனை போரினும் கொடிது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சேசு சபையைக் கலைத்தார். இருந்த குருக்கள் மூப்பெய்தி ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களுக்குப் பதிலாகப் போதிய எண்ணிக்கையில் எவரும் வரவில்லை. சேசு சபையார் மீண்டும் மதுரை மறைபரப்புத்தளத்துக்கு வந்தது 1838-இல். இடைப்பட்ட 65 ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறைகள், எத்தனையோ சிற்றூர்கள் குருவானவரின் முகத்தை அரிதாகவே கண்டன. விசுவாசம் அணைந்துபோகாமல் காத்தவர்கள் யார்? ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்ன உபதேசியார்களும், கோவில் விளக்கை ஏற்றிவந்த கோவிற்பிள்ளைகளும், மடியில் கிடத்திய குழந்தைக்கு அருள்நிறை மந்திரத்தைக் கற்பித்த பாட்டிமார்களும்தாம். முன்பு உபதேசியார் சிலர் தம் குருவைக் காட்டிக்கொடுக்க முனைந்தார்கள் என்று கண்டோம். அதே உபதேசியார் வகுப்பினர்தாம் பின்னாளில் குருக்கள் இல்லாத திருச்சபையைத் தாங்கி நின்றனர். இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதுவதே வரலாறு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பங்கு வரலாறு எழுதப் புகுவோருக்கு இருவகைச் சோதனைகள் உண்டு. ஒன்று, வயதைக் கூட்டிச் சொல்லும் ஆசை. மற்றொன்று, வடுவை மறைக்கும் ஆசை. அந்நாளைய மறைபரப்பு முறையில் சாதிக்கொரு வழிபாட்டிடம், சாதிக்கொரு குரு என்ற பிரிவினைகள் இருந்தன. அவற்றின் நிழல் பின்னும் நெடுங்காலம் நீண்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் மக்களைப் பிரித்துநின்ற சுவர் 1910-ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. இத்தகைய செய்திகளை விழா மலர்களில் நாம் விட்டுவிடுகிறோம். சுவர் இருந்ததைச் சொல்லாவிட்டால், அதை இடித்தவர்களின் துணிவையும் சொல்ல இயலாமற் போகும். எந்தச் சுவர் இன்னும் இடிபடாமல் நிற்கிறது என்ற கேள்வியும் எழாமற் போகும். தாய் திருச்சபை உண்மைக்கு அஞ்சுவதில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளரும் எழுதிவைத்தனர். அதனால் பேதுருவின் பெருமை குன்றிற்றா?

ஆவூருக்காவது வெளிநாட்டுக் கடிதங்கள் துணை நின்றன. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேசு சபையாரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெரும்பாலான சிற்றூர்ப் பங்குகளுக்கு அத்தகைய பேறு வாய்ப்பதில்லை. அவற்றின் கதை எங்கே இருக்கிறது? முதலாவது, பங்குப் பதிவேடுகளில். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளைப் பேணுவதும், பழைய ஏடுகளைக் கருத்தோடு காப்பதும் பங்கின் கடமையென்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி கூறுகிறது. ஆனால் கறையானும் இராமபாணப் பூச்சியும் சட்டம் படித்தவை அல்ல. மழைநீர் ஒழுகும் சக்கிரீஸ்து அலமாரியில் கிடக்கும் ஏடு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்குமென்று உறுதி கூற இயலாது. இரண்டாவது, கோவிலைச் சுற்றியுள்ள கல்லறைக் கற்களிலும், மணியில் வார்க்கப்பட்ட எழுத்திலும், அடிக்கல்லிலும், கொடிமரத்தின் பீடத்திலும் இருக்கிறது. புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழைய கல்லின்மேல் நாம் பளபளக்கும் ஓடு பதித்துவிடுகிறோம். அத்தோடு ஒரு பக்கம் வரலாறும் மூடப்பட்டுவிடுகிறது. மூன்றாவது, முதியவர்களின் நினைவில் இருக்கிறது. மற்ற இரண்டையும்விட விரைவில் அழியக்கூடியது இதுவே.

ஆகவே பங்குக் குடும்பங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. அடுத்த பங்குத் திருவிழா வருவதற்குள் ஒவ்வொரு பங்கிலும் நான்கைந்து பேர் கூடுங்கள். ஓர் ஆசிரியர், ஒரு கல்லூரி மாணவி, கோவிற்பிள்ளை, ஊரின் மூத்த தாய் ஒருவர் இருந்தாற் போதும். பங்குத்தந்தையின் இசைவோடு பழைய ஏடுகளைக் கைப்பேசியில் படமெடுத்து ஒழுங்குபடுத்துங்கள். பதிவேட்டில் குடும்பங்களின் மறைபொருள்களும் இருக்கும், அவற்றை வெளியிடலாகாது. கல்லறைக் கற்களைத் துடைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். எண்பது கடந்தவர்களிடம் சென்று, அவர்கள் சிறுவயதில் கண்ட கோவில் எப்படி இருந்தது, யார் மணி அடித்தார், பஞ்சகாலத்தில் யார் கஞ்சி ஊற்றினார் என்று கேளுங்கள். கேட்டதைக் கேட்டதென்றும், ஏட்டில் கண்டதை ஏட்டில் கண்டதென்றும் பிரித்தெழுதுங்கள். ஆண்டு ஒன்று கிடைத்தால், அதை மற்றோர் ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்பதற்கு முன்பே ஒருவரைக் கோவில் கட்ட வைத்துவிடாதீர்கள்!

எழுதி முடித்தபின், குருக்களின் பெயர்களோடு நிறுத்திவிடாமல், உபதேசியார்களின் பெயர்களையும், கொத்தனார்களின் பெயர்களையும், நிலம் தந்தவர் எச்சமயத்தவராயினும் அவருடைய பெயரையும் சேர்த்து ஒரு பலகையில் எழுதிக் கோவில் வாயிலில் மாட்டுங்கள். 1747-இல் ஆவூரில் கல் சுமந்த ஒருவரின் பெயரையேனும் இன்று அறியோம். 2047-இல் அந்த ஆலயம் முந்நூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடும். அப்போது நம் காலத்தைப் பற்றி அவ்வூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். விடை சொல்ல ஏடு இருக்க வேண்டும். ஆண்டவர் நம் பெயர்களைத் தம் வாழ்வின் நூலில் எழுதுகிறார் என்று நம்புகிறோம். நம் முன்னோரின் பெயர்களை நம் பங்கின் ஏட்டில் எழுதுவது நம்மிடம் விடப்பட்ட பணி.